யாரால்? – அலாஸ்கா நெடுஞ்சாலை கேட்கும் கேள்வி



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் செய்வினை, செயப்பாட்டுவினை வாக்கியங்களைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். எடுத்துக்காட்டாக, 'அலாஸ்கா நெடுஞ்சாலை 1942ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது' என்று வெண்பலகையில் எழுதினேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் அச்சாலையில் நான் மேற்கொண்ட பயணத்தின் படங்களை முந்திய நாள்தான் மாணவர்களுக்குக் காட்டியிருந்தேன். அதனால் அந்த வாக்கியம் தானாகவே கைக்கு வந்துவிட்டது. பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

"யாரால், டீச்சர்?"

"அமெரிக்க இராணுவத்தால்" என்று விடை கூறிவிட்டு அடுத்த வாக்கியத்திற்குச் சென்றேன். விடையில் தவறில்லை. ஆனால் அவ்விடை போதாது என்பது அச்சாலையில் பயணம் செய்த எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் பாட நேரத்தைக் கருதிச் சுருக்கிவிட்டேன். அக்குறையைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில் மூன்றாம் வேற்றுமையைப் படித்தது உங்களுக்கும் நினைவிருக்கலாம். 'ஆல்' உருபு உணர்த்தும் கருத்தா இருவகைப்படும். 'அரசனால் கோயில் கட்டப்பட்டது' என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. அதாவது, கட்டும்படி ஏவியவன். 'கொத்தனால் கோயில் கட்டப்பட்டது' என்றால் கொத்தன் இயற்றுதற் கருத்தா. அதாவது, கல்லைச் சுமந்து கட்டியவன். இலக்கணப்படி இரண்டும் சரியான வாக்கியங்களே. இருப்பினும், வரலாற்றுப் பாடங்களில் நாம் மீண்டும் மீண்டும் காண்பது முதல் வகை வாக்கியத்தைத்தான். அலாஸ்கா நெடுஞ்சாலையின் வரலாற்றை இவ்விரு கருத்தாக்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பார்ப்போம்.

வீட்டு வண்டியில் ஒரு பயணம்

2019ஆம் ஆண்டின் நடுவாண்டு விடுமுறையில், கனடாவின் எட்மண்டன் நகரில் வாழும் என் அக்காள் குடும்பத்தைக் காணச் சென்றிருந்தேன். அத்தான் ஏற்கெனவே ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். அங்குள்ளோர் அதனை 'ஆர்வி' என்கின்றனர். நம் நாட்டில் மோட்டார்ஹோம் என்றும் கேரவன் என்றும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, சிறிய கழிவறை ஆகிய அனைத்தும் உள்ளேயே அமைந்த வீட்டு வண்டி அது.

பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் டாசன் கிரீக் என்னும் சிற்றூரில் அலாஸ்கா நெடுஞ்சாலை தொடங்குகிறது. அங்கிருந்து யூக்கோன் நிலப்பகுதியைக் கடந்து, அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் டெல்டா ஜங்சன் என்னும் ஊரில் முடிகிறது. இன்றைய நீளம் ஏறத்தாழ 2,200 கிலோ மீட்டர். எங்களுக்கு இருந்த விடுமுறையில் முழுத் தொலைவையும் கடக்க இயலவில்லை. யூக்கோனின் தலைநகரான வைட்ஹார்ஸைத் தாண்டிக் குளுவானி ஏரி வரை சென்று திரும்பினோம்.

அப்பாதையின் முதல் விதி, எண்ணெய் நிலையத்தைக் கண்டால் தொட்டியை நிரப்பிவிட வேண்டும் என்பது. அடுத்த நிலையம் எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதை நிலப்படத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். கைப்பேசித் தொடர்பு பல மணி நேரம் கிடைக்காது. எதிரே வரும் சரக்குந்தின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் ஒரு கூழாங்கல் முன்கண்ணாடியில் கீறல் விழச் செய்துவிடும். இரவில் உணவுப் பொருளை வண்டிக்கு வெளியே வைக்கக் கூடாது, கரடி வரும். ஜூன் மாதமாதலால் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருந்தது. பிள்ளைகள் உறங்க மறுத்தார்கள். சன்னலுக்குத் துண்டைக் கட்டி மறைத்துத்தான் உறங்க வைத்தோம்.

சாலையோர ஓய்விடம் ஒன்றில் அக்காள் வண்டிக்குள்ளேயே சோறு வடித்து இரசம் வைத்தார். வெளியே மலையடிவாரத்தில் காட்டு ஆடுகள் சாலையோரத்து உப்பு மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. சுடுசோற்றை உண்டுகொண்டே அவற்றைப் பார்த்தோம். அப்போது அத்தான், "இந்தப் பாதையைப் போட்டவர்கள் என்ன சாப்பிட்டிருப்பார்கள் தெரியுமா?" என்று கேட்டார். எங்களுள் எவருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து வழியிலிருந்த நினைவுப் பலகைகளையும் அருங்காட்சியகங்களையும் விடாமல் பார்க்கத் தொடங்கினோம்.

சாலை ஏன் பிறந்தது?

1941 டிசம்பர் 7ஆம் நாள் ஜப்பான் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அதற்கு மறுநாள் நம் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை கரையிறங்கியதை நம் மாணவர்கள் அறிவார்கள். பன்னாட்டுத் தேதிக் கோட்டின் வேறுபாட்டை நீக்கிக் கணக்கிட்டால் இவை ஒரே நாளின் நிகழ்வுகளே. அவ்வேளையில் அமெரிக்காவுக்குப் பெருங்கவலை ஒன்று எழுந்தது. அலாஸ்கா அதன் ஆட்சிப் பகுதி. ஆனால் அங்குச் செல்லத் தரைவழியே கிடையாது. கடல்வழியை ஜப்பானியக் கப்பல்கள் அடைத்துவிட்டால் அலாஸ்கா தனித்துவிடும்.

1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் சாலைத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தார். கனடா தன் நிலத்தின் வழியாகச் சாலை செல்ல இசைந்தது. செலவை அமெரிக்கா ஏற்பது என்றும், போர் முடிந்தபின் கனடாவிலுள்ள பகுதியைக் கனடாவிடமே ஒப்படைப்பது என்றும் உடன்பாடு ஏற்பட்டது. மார்ச் மாதமே வேலை தொடங்கிவிட்டது.

கடற்கரையை ஒட்டிச் செல்லாமல் இத்தனை தொலைவு காட்டுக்குள் ஏன் சாலையைக் கொண்டு சென்றார்கள் என்று நான் வியந்ததுண்டு. அதற்குக் காரணம் விமானத் தளங்கள். ஃபோர்ட் செயின்ட் ஜான், ஃபோர்ட் நெல்சன், வாட்சன் லேக், வைட்ஹார்ஸ் ஆகிய இடங்களில் அலாஸ்காவுக்குச் செல்லும் விமானங்கள் இறங்குவதற்கான தளங்கள் இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, எரிபொருளும் பொருள்களும் கொண்டு சேர்ப்பதே சாலையின் முதற்பணி. இன்று நாம் எழில்மிகு வனப்பாதை என்று போற்றும் வழி, அழகுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று.

1942 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஜப்பானிய விமானங்கள் அலூசியன் தீவுகளிலுள்ள டச்சு துறைமுகத்தைத் தாக்கின. அதனையடுத்து அட்டு, கிஸ்கா என்னும் இரு தீவுகளை ஜப்பானியப் படை கைப்பற்றியது. அச்சம் வீணன்று என்பது உறுதியாயிற்று. வேலை மேலும் விரைவு கண்டது.

இதுவரை சொன்னது ஏவுதற் கருத்தாக்களின் கதை. இனி இயற்றியவர்களைப் பார்ப்போம்.

கோடரியும் மண்வாரியும்

படைத்தலைவர் வில்லியம் ஹோஜின் பொறுப்பில், 10,000க்கும் மேற்பட்ட இராணுவத்தினர் இச்சாலைப் பணியில் ஈடுபட்டனர். ஆயிரக்கணக்கான பொதுத் தொழிலாளர்களும் பின்னர் வந்து சேர்ந்தனர். முதன்மையாகப் பணியாற்றியவை ஏழு பொறியியல் படைப்பிரிவுகள். அவற்றுள் 18, 35, 340, 341ஆம் பிரிவுகள் வெள்ளையருக்குரியவை. 93, 95, 97ஆம் பிரிவுகள் கறுப்பினத்தவருக்குரியவை. அக்கால அமெரிக்க இராணுவத்தில் இரு இனத்தவரும் ஒரே பிரிவில் பணியாற்ற இடமில்லை. கறுப்பினப் பிரிவுகளுக்கும் வெள்ளையரே அதிகாரிகள். சாலையமைத்த படைவீரர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், அதாவது 3,600க்கும் மேற்பட்டோர், கறுப்பினத்தவர்.

இவர்களை அனுப்ப இராணுவம் முதலில் விரும்பவில்லை. கறுப்பினத்தவர் குளிரைத் தாங்கமாட்டார்கள் என்று அக்கால அதிகாரிகள் நம்பினர். பயிற்சி பெற்ற பொறியியல் பிரிவுகள் பசிபிக் போர்முனைக்குத் தேவைப்பட்டதால் வேறு வழியின்றி இவர்களை அனுப்பினர். அலாஸ்காவின் பாதுகாப்புப் படைத்தலைவர் சைமன் பக்னர் இதனை எதிர்த்துக் கடிதமே எழுதினார். அவருடைய தந்தை, அடிமை முறையைக் காக்க எழுந்த தென்மாநிலப் படையில் தளபதியாக இருந்தவர். கறுப்பின வீரர்கள் போருக்குப் பின் அலாஸ்காவிலேயே தங்கி உள்ளூர் மக்களோடு கலந்துவிடுவார்கள் என்பதே பக்னரின் கவலை. அவர்களை ஊர்களை விட்டு விலக்கி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடாயிற்று. காட்டுக்குள்ளேயே கூடாரமடித்து அவர்கள் வேலை செய்தனர்.

ஃபுளோரிடா, லூசியானா போன்ற வெப்பமான மாநிலங்களின் முகாம்களிலிருந்து நேரே வடக்கே வந்தவர்கள் இவர்கள். 95ஆம் பிரிவினர் இயந்திரங்களை இயக்கப் பழகியிருந்தும், பெரிய புல்டோசர்கள் வெள்ளையரின் 341ஆம் பிரிவுக்கே சென்றன. முன்னே காட்டை அழித்துச் செல்லும் பணி அப்பிரிவுக்குக் கிடைத்தது. கோடரி, இரம்பம், மண்வாரி, தள்ளுவண்டி ஆகியவற்றைக் கொண்டு பின்னால் வந்து பாதையைச் செப்பனிடும் பணி 95ஆம் பிரிவுக்கு வந்தது.

ஒன்றை இங்கு நடுநிலையோடு சொல்ல வேண்டும். வெள்ளை வீரர்களும் இச்சாலைக்காகப் பெருந்துன்பம் அடைந்தவர்களே. டாசன் கிரீக்கைத் தாண்டிச் சிறிது தொலைவிலுள்ள சார்லி ஏரியில், 1942 மே 14 அன்று ஆட்களையும் பொருள்களையும் ஏற்றிச் சென்ற மிதவை காற்றில் மூழ்கி 12 படைவீரர்கள் மாண்டனர். பனிக்கட்டி உருகி அதிக நாள் ஆகாத நீர் அது. அந்த ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியபோது நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் அமைதியாக இருந்தது. கொசுத் தொல்லை, சேறு, டப்பாவில் அடைத்த உணவு, வீட்டு ஏக்கம் ஆகியவை எல்லாருக்கும் பொதுவானவை. வேறுபாடு கருவிகளிலும் மதிப்பிலும்தான் இருந்தது.

சிக்கானி ஆற்றுப் பாலம்

95ஆம் பிரிவினருக்குத் தம் திறமையைக் காட்ட ஒரு வாய்ப்பு ஜூலை மாதத்தில் வந்தது. சிக்கானி சீஃப் என்னும் ஆறு குளிர்ந்த நீரோடு விரைந்து ஓடுவது. அதன்மேல் மரப்பாலம் அமைக்கும் பொறுப்பு அவர்களுக்குக் கிடைத்தது. அருகிலிருந்த காட்டில் மரம் வெட்டினர். கையாலேயே செதுக்கினர். மார்பளவு நீரில் நின்று தூண்களை நட்டனர். இருட்டியபோது சரக்குந்துகளின் முன்விளக்கு வெளிச்சத்தில் வேலையைத் தொடர்ந்தனர். நான்கு நாளுக்கும் குறைவான நேரத்தில் பாலம் எழுந்தது. அதன்பின் அவர்களுடைய அதிகாரிகளின் பார்வையே மாறியது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

நாங்கள் அந்த ஆற்றைக் கடந்தது பிற்காலத்துப் பாலத்தின் வழியாக. கடக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அத்தான் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஆற்றில் கை வைத்த அக்காள் மகன், "ஐயோ, ஐஸ்!" என்று கத்திக்கொண்டு கையை எடுத்துவிட்டான். அது ஜூன் மாதத்து நண்பகல்.

உருகும் நிலம்

வடக்கே செல்லச் செல்ல, புதிய எதிரி ஒன்று காத்திருந்தது. அங்கே மேற்பரப்பின் பாசிப் போர்வைக்கு அடியிலுள்ள மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். அந்தப் பாசியே வெயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் போர்வை. இதனை அறியாமல் புல்டோசர்கள் பாசியைச் சுரண்டி எறிந்தன. வெயில் பட்டதும் அடியிலிருந்த பனிக்கட்டி உருகியது. பாதை சேற்றுக் குளமாகி வண்டிகளை விழுங்கியது.

பட்டறிவே அவர்களுக்கு ஆசானாயிற்று. பாசியைத் தொடாமல் மரங்களை வெட்டினர். வெட்டிய மரங்களையும் கிளைகளையும் பாசியின் மேலேயே குறுக்காகப் பரப்பி, அதன்மேல் கல்லும் மண்ணும் கொட்டினர். நிலத்தைத் தோண்டாமல், நிலத்தின்மேல் ஒரு பாய் விரித்ததுபோல் சாலை அமைந்தது. இன்றும் யூக்கோனின் மேற்குப் பகுதியில் உறைநிலம் அசைவதால் சாலை அலை அலையாக எழுந்து தாழ்கிறது. அங்கே வேகமாகச் சென்றால் வண்டியின் அலமாரிகள் திறந்து பாத்திரங்கள் உருளும்.

இரண்டு சந்திப்புகள்

தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் இடைப்பட்ட இடங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் சாலை வெட்டப்பட்டது. 1942 செப்டம்பர் 24 அன்று 35ஆம் பிரிவும் 340ஆம் பிரிவும் ஓர் ஓடையருகே சந்தித்தன. அவ்வோடைக்குக் 'காண்டாக்ட் கிரீக்', அதாவது சந்திப்பு ஓடை என்று பெயர் வந்தது.

எஞ்சிய இடைவெளி அலாஸ்கா எல்லைக்கு அருகே இருந்தது. அலாஸ்காவின் வால்டீஸ் துறைமுகத்தில் இறங்கிய 97ஆம் பிரிவு எல்லையை நோக்கி வந்தது. வைட்ஹார்ஸிலிருந்து 18ஆம் பிரிவு எதிரே வந்தது. அக்டோபர் 25 அன்று பீவர் கிரீக் அருகே, 97ஆம் பிரிவைச் சேர்ந்த ரிஃபைன்ஸ் சிம்ஸ் என்னும் கறுப்பின வீரர் புல்டோசரை ஓட்டி வந்தார். திடீரென எதிரே மரங்கள் தம்மை நோக்கிச் சாய்வதைக் கண்டு வண்டியைப் பின்னுக்கு இழுத்தார். மரங்களைத் தள்ளிக்கொண்டு மற்றொரு புல்டோசர் வெளிப்பட்டது. அதனை ஓட்டி வந்தவர் 18ஆம் பிரிவின் ஆல்ஃபிரட் ஜாலுஃப்கா என்னும் வெள்ளை வீரர். சிம்ஸ் பிலடெல்பியா நகரத்தவர், ஜாலுஃப்கா டெக்சஸ்காரர். இருவரும் கைகுலுக்கும் படம் செய்தித்தாள்களில் வெளிவந்தது. தம் நாட்டின் பல ஊர்களில் ஒரே உணவகத்தில் அமர்ந்து உண்ண இயலாத இருவர், அந்தக் காட்டில் கைகோத்து நின்றனர்.

எட்டு மாதத்திற்கும் குறைவான காலத்தில் பாதை இணைந்துவிட்டது. முதலில் வெட்டிய பாதை ஏறத்தாழ 2,700 கிலோ மீட்டர் நீளம். வளைவுகளை நேராக்கியதால் பின்னர் அது குறைந்தது. 1942 நவம்பர் 20 அன்று குளுவானி ஏரிக்கு மேலேயுள்ள குன்றில் திறப்பு விழா நடைபெற்றது. 'படைவீரர் உச்சி' என்று அந்த இடத்திற்குப் பெயர். நாங்கள் அங்கே ஏறிச் சென்று நின்றோம். கீழே நீல ஏரி, எதிரே பனிமலைகள். அம்மலைகளுக்கு அப்பால்தான் கனடாவின் மிக உயர்ந்த சிகரமான லோகன் மலை 5,959 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

திறப்பு விழாவோடு வீரர்களின் துன்பம் முடியவில்லை. 97ஆம் பிரிவினர் அந்தக் கடுங்குளிர்காலத்தைக் கூடாரங்களிலேயே கழித்தனர். அப்பகுதியின் குளிர் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று: பீவர் கிரீக்கிற்கு அருகேயுள்ள ஸ்னாக் என்னும் இடத்தில் 1947 பிப்ரவரி 3 அன்று வெப்பநிலை மைனஸ் 63 பாகை செல்சியஸ் எனப் பதிவானது.

முன்பே அங்கிருந்தவர்கள்

இயற்றுதற் கருத்தாக்களுள் இன்னும் ஒரு சாரார் உள்ளனர். அந்நிலத்தின் பூர்வகுடி மக்கள். மலை இடுக்குகளையும் ஆற்றுத் துறைகளையும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த அவர்களுள் பலர் அளவையாளர்களுக்கு வழிகாட்டினர். சாலையின் பல பகுதிகள் அவர்களுடைய பழைய வேட்டைப் பாதைகளை ஒட்டியே செல்கின்றன.

கைம்மாறாக அவர்களுக்குக் கிடைத்தது என்ன? டெஸ்லின் என்னும் ஏரிக்கரை ஊரில் வாழ்ந்த டிலிங்கிட் மக்களிடையே 1942, 1943ஆம் ஆண்டுகளில் தட்டம்மை, கக்குவான் முதலிய நோய்கள் அடுத்தடுத்துப் பரவின. வெளியாரோடு வந்த நோய்கள் அவை. வந்தவர்கள் விலங்குகளை மிகுதியாக வேட்டையாடினர். அதனைத் தடுக்க 1943ஆம் ஆண்டு குளுவானிப் பகுதியில் வனவிலங்குக் காப்பகம் அமைந்தது. அதன் விளைவாக, காலங்காலமாக அங்கு வேட்டையாடி உண்டு வந்த பூர்வகுடியினரும் தம் நிலத்தில் வேட்டையாடும் உரிமையை இழந்தனர். இன்று உலகப் பாரம்பரியத் தலமாக விளங்கும் அவ்விடத்தில் வண்டியை நிறுத்திப் படமெடுக்கும்போது, இதனையும் நினைவில் கொள்வது பயணிகளாகிய நம் கடமை.

மறதியும் நினைவும்

1948ஆம் ஆண்டு சாலை பொதுமக்களின் தடையற்ற பயணத்திற்குத் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 26 அன்று அதிபர் ட்ரூமன், இராணுவத்தில் இனப் பாகுபாட்டை நீக்கும் ஆணையைப் பிறப்பித்தார். அலாஸ்கா நெடுஞ்சாலை ஒன்றே அதற்குக் காரணம் என்று கூறுவது மிகையாகும். போர்க்களம் பலவற்றில் கறுப்பின வீரர்கள் ஆற்றிய தொண்டும், உரிமைக்காக அவர்கள் எழுப்பிய குரலும் சேர்ந்தே அந்த ஆணைக்கு வித்திட்டன. சாலையமைத்த இம்மூன்று பிரிவுகளின் உழைப்பும் அதில் அடங்கும்.

அடுத்த ஆண்டே, மைல் கணக்கில் வழிகூறும் 'தி மைல்போஸ்ட்' என்னும் பயண நூல் வெளிவந்தது. வீட்டு வண்டிகள் வடக்கு நோக்கிப் புறப்பட்டன. கற்சாலை மெல்ல மெல்லத் தார்ச்சாலையானது. ஆனால் சாலையின் கதையைச் சொன்ன பலர், கறுப்பின வீரர்களைப் பற்றி நெடுங்காலம் பேசாமலேயே இருந்தனர். 1992ஆம் ஆண்டின் பொன்விழாவை ஒட்டித்தான் அவர்களுடைய பங்கு பரவலாகப் பேசப்பட்டது. 1993இல் அலாஸ்காவின் கெர்சல் ஆற்றுப் பாலத்திற்குக் கறுப்பின வீரர்களின் நினைவாகப் பெயர் சூட்டப்பட்டது. 2017ஆம் ஆண்டு அலாஸ்கா மாநிலம், சிம்ஸும் ஜாலுஃப்காவும் சந்தித்த அக்டோபர் 25ஆம் நாளை அவ்வீரர்களின் பங்களிப்பைப் போற்றும் நாளாகச் சட்டத்தின் வழி அறிவித்தது. அப்போது 75 ஆண்டுகள் கடந்திருந்தன. பாலம் கட்டியவர்களுள் அதனைக் கேட்க உயிரோடிருந்தவர் மிகச் சிலரே.

வாட்சன் லேக்கில் 'பெயர்ப்பலகைக் காடு' என்று ஓர் இடம் உண்டு. 1942இல் அங்குப் பணியாற்றிய கார்ல் லின்ட்லி என்னும் வீரர், வீட்டு ஏக்கத்தில் தம் ஊராகிய டான்வில்லின் பெயரையும் அதன் தொலைவையும் ஒரு பலகையில் எழுதி வைத்தார். அதனைக் கண்டு மற்றவர்களும் தத்தம் ஊர்ப் பெயரை மாட்டத் தொடங்கினர். இன்று பல்லாயிரக்கணக்கான பலகைகள் அங்கே நிற்கின்றன. அத்தான் ஒரு சிறு மரப்பலகையை முன்னரே கொண்டு வந்திருந்தார். அதில் அக்காளும் நானும் பிறந்த தோட்டத்தின் பெயரைத் தமிழில் எழுதி மாட்டினோம். அந்தத் தோட்டம் இன்று இல்லை. வீடமைப்புத் திட்டம் ஒன்று அதன்மேல் எழுந்துவிட்டது. அக்காள் அப்பலகையை இரண்டு முறை திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார்.

நம் வகுப்பறைக்கு வருவோம்

அதே போர் நம் மக்களையும் ஒரு பாதை அமைக்க இழுத்துச் சென்றதை நாம் மறக்கவியலாது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோ மீட்டர் இரயில் பாதையின் பணியை 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் தொடங்கினர். 1943 அக்டோபரில் அது முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர், திரும்பாதவர் பலர். அலாஸ்கா வீரர்களின் நிலையும் இவர்களின் நிலையும் ஒன்றல்ல. அவர்கள் ஊதியம் பெற்ற படைவீரர்கள். இவர்களோ ஏமாற்றப்பட்டும் வலிந்து பிடிக்கப்பட்டும் சென்ற தொழிலாளர்கள். எனினும், 'பாதை அமைக்கப்பட்டது' என்று மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைக்கும்போது இரு சாராருமே மறைந்துபோகின்றனர்.

மறுவாரம் வகுப்பில் அந்த மாணவனின் கேள்வியை மீண்டும் எடுத்தேன். அலாஸ்கா நெடுஞ்சாலைக்கு இரண்டு வாக்கியங்கள் எழுதச் சொன்னேன். ஒன்றில் ஏவியவர் வரவேண்டும். மற்றொன்றில் இயற்றியவர் வரவேண்டும். பின்னர், தங்கள் ஊரிலுள்ள ஏதேனும் ஒரு கட்டுமானத்தைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு அவ்வாறே இரண்டு வாக்கியங்கள் எழுதி வரப் பணித்தேன். சிலர் கோயிலைப் பற்றி எழுதினர். சிலர் பள்ளி மண்டபத்தைப் பற்றி எழுதினர். கேள்வி கேட்ட மாணவன் எழுதியது இதுதான்:

'எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள சாலை அரசாங்கத்தால் போடப்பட்டது. எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள சாலை என் கொள்ளுத்தாத்தாவால் போடப்பட்டது.'

அவனுடைய கொள்ளுத்தாத்தா பொதுப்பணித் துறையில் தார் ஊற்றும் வேலை பார்த்தவராம். அவன் தாயாருக்கே அச்செய்தி அன்று மாலை பாட்டியிடம் கேட்டபோதுதான் தெரிந்ததாம். அவன் 'போடப்பட்டது' என்று எழுதியிருந்ததை 'அமைக்கப்பட்டது' என்று திருத்த என் கை சிவப்பு மையை எடுத்தது. பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

பெற்றோர்களே, வரும் விடுமுறையில் கேமரன் மலைக்கோ பினாங்குக்கோ நீங்கள் செல்லக்கூடும். வழியில் ஒரு பாலத்தைக் கடக்கும்போது, "இது யாரால் கட்டப்பட்டது?" என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்கும் பழக்கம் உண்டானால் அதுவே போதும். ஆசிரிய நண்பர்களே, இப்பயிற்சியை உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். மாணவர்கள் எழுதும் வாக்கியங்களை எனக்கும் தெரிவித்தால் மகிழ்வேன்.